கைப்பிடியில் தொங்கிய ஹெல்மெட்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில் எனக்குக் கிடைத்த முதல் இடம் பெற்றோல் தாங்கியின் மேல். அப்பாவின் இரண்டு கைகளுக்கும் நடுவே, கண்ணாடித் தண்டுகளைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். வெயிலில் தாங்கி சுடும் என்று அம்மா பழைய துவாய் ஒன்றை நாலாக மடித்துப் போட்டுவிடுவார். ஹோர்ன் அடிப்பது என் உத்தியோகம். மாடு நின்றால் ஒரு தரம். ஆள் நின்றால் இரண்டு தரம். தெரிந்த ஆள் என்றால் கையை எடுக்காமல் நீளமாக ஒன்று. அதற்கென்றே அப்பா வேகத்தைக் குறைத்துத் தருவார்.

தங்கச்சி பிறந்து, தாங்கி அவளுக்குப் போனபோது நான் பின்னுக்கு மாறினேன். பின்னால் இருந்தால் அப்பாவின் முதுகு மட்டும்தான் தெரியும். வியர்வையும் வைக்கோல் தூசும் கலந்த ஒரு மணம் அந்தச் சேர்ட்டில் எப்போதும் இருந்தது. இப்போதும் வைக்கோல் ஏற்றிய உழவு மெஷின் ஒன்று என்னைக் கடந்து போனால், ஒரு கணம் அந்த முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறேன் என்று தோன்றும். அங்கே இருந்தபடி செயினின் கரகரப்பைக் கேட்டேன், வாவிக் காற்றைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சத்தத்தைக் கேட்டேன். டொக், டொக், டொக்.

அது அப்பாவின் ஹெல்மெட். இடது கைப்பிடியில் பட்டியால் தொங்கிக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் பெற்றோல் தாங்கியில் முட்டும். முட்டி முட்டி அந்த இடத்தில் பெயின்ற் போய், காசளவு தகரம் தெரிந்தது.

எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலைக்கும் அங்கால், வாவியின் மேற்குக் கரையில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஆஸ்பத்திரி, அரசாங்கக் கந்தோர்கள், பெரிய சந்தை எல்லாம் வாவிக்கு அக்கரையில். நான் சின்னவனாக இருந்தபோது வாகனங்களை ஏற்றி இழுத்துப்போகும் மிதவையில்தான் கடப்போம். அதைப் ‘பாதை’ என்போம். அப்பா இறங்கி நின்று மோட்டார் சைக்கிளை இடுப்பில் சாய்த்துப் பிடித்திருப்பார். நான் இறங்க மாட்டேன். பிறகு பாலம் வந்தது. பாதையோ பாலமோ, பொலிஸ் நிற்பது அக்கரையில்தான். ஆகவே இக்கரையில் யாரும் ஹெல்மெட் போடுவதில்லை.

பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு மருதமரம் நிற்கிறது. பட்டணத்துக்குப் போகிறவர்கள் அதன் கீழே நிறுத்துவார்கள். கைப்பிடியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து, உள்ளே இருக்கும் தூசை ஊதி, தலையில் கவிழ்ப்பார்கள். காலை நேரத்தில் அங்கே நாலைந்து பேர் நிற்பார்கள், கலியாண வீட்டு வாசலில் வேட்டியைத் திருத்துகிறவர்கள் போல. திரும்பி வரும்போது அதே மரத்தடியில் கழற்றிக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு, தலையைக் கோதி, ஒரு பெருமூச்சு விட்டுப் புறப்படுவார்கள்.

“ஏனப்பா இஞ்சால போடுறல்ல?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பாலத்துக்கு இஞ்சால தல நம்மட, மனே. அங்கால போனா அது பொலிசிட தல.”

மரத்தடியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாவின் பகிடிகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். பள்ளிக்கூடத்தில் அதை என் பகிடியாகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்பா ஹெல்மெட்டின் கிளிப்பைப் பூட்டியதை மட்டும் நான் ஒருநாளும் கண்டதில்லை. பத்து வருடப் பழைய ஹெல்மெட்டில் அந்தக் கிளிப் மட்டும் கடையில் வாங்கியது போலவே இருந்தது.

எனக்கு யாரும் ஓட்டக் கற்றுத் தரவில்லை. அறுவடை முடிந்து வட்டை, அதாவது எங்கள் வயல்வெளி, வெறுமையாய்க் கிடந்த ஒரு மாலையில் ஏறினேன், ஓடியது. அப்பா வரம்பில் நின்று பார்த்துவிட்டு, “நல்லாத்தான் ஓடுறான்” என்று மட்டும் சொன்னார். ஏன் ஓடாது? எத்தனையோ வருடம் அந்த முதுகுக்குப் பின்னால் இருந்தவன் நான். எந்த முடக்கில் எந்தப் பக்கம் சாய்வது, எந்த நாய்க்குக் காலைத் தூக்குவது, எல்லாம் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா அந்த வயதில் மற்றவர்களின் மாடுகளுக்குப் பின்னால் திரிந்தார். அம்மா தன் தம்பிமாரைத் தூக்கித் திரிந்தார். ஆகவே நான் உயர்தரம் படிக்கத் தொடங்கியபோது வீடே என்னோடு சேர்ந்து படித்தது. சனி, ஞாயிறு காலையில் பட்டணத்தில் எனக்கு வகுப்பு. எங்கள் ஊருக்கு முதல் பஸ் வந்து, பாலம் கடந்து போய்ச் சேர்வதற்குள் வகுப்பில் பாதி முடிந்துவிடும். மோட்டார் சைக்கிள் இருந்தால் முன்வாங்கில் இடம் பிடிக்கலாம். அதனால் பழகுநர் அனுமதி எடுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் எல் எழுத்தை ஒட்டிக்கொண்டேன். சாரதிப் பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சைக்குக் கேள்விப் புத்தகமும் வாங்கினேன்.

அந்தப் புத்தகத்தை முற்றத்தில் இருந்து சத்தமாக வாசிப்பேன். அப்பா மண்வெட்டிக்குப் பிடி போட்டபடி பதில் சொல்லுவார். அவருக்குச் சாரதிப் பத்திரம் இருந்தது. பரீட்சையன்று பக்கத்தில் இருந்தவர் எங்கெங்கே புள்ளடி போட்டாரோ அங்கங்கே தானும் போட்டு எடுத்தது என்று அவரே சொல்லுவார்.

“நாற்சந்தியில் யாருக்கு முதலில் வழி விட வேண்டும்?”

“ஆர் பெரிசோ அவனுக்கு. பஸ் வந்தா பஸ்ஸுக்கு. யான வந்தா யானைக்கு.”

“தலைக்கவசம் எப்போது அணிய வேண்டும்?”

“பாலத்தடியில.”

தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. குசினிக்குள் இருந்து அம்மாவின் சிரிப்பும் கேட்டது.

மாசி மாதம் பெரும்போக நெல் வெட்டி முடிந்திருந்தது. எங்களூரில் நெல் காயவைக்க றோட்டை விட நல்ல களம் கிடையாது. தார் சூடேறி, பின்னேரத்துக்குள் நெல் கலகலவென்று காய்ந்துவிடும். ஆளுக்கொரு துண்டு றோட்டைப் பிடித்து, பாதி அகலத்துக்கு நெல்லைப் பரப்பி, வாகனம் ஏறாமல் ஓரத்தில் கல் வைப்பார்கள். அப்பா அந்த வருடம் பிடித்தது ஒரு முடக்கை. வீட்டிலிருந்து போகும்போது முதலில் ஒரு மதகு, அதன் மேல் சின்ன மேடு. மேடு இறங்கியவுடன் றோட்டு இடப்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தின் வலப்பக்கம் எங்கள் நெல்.

சனிக்கிழமை காலை. தங்கச்சியைக் கொக்கட்டிச்சோலையில் அவளுடைய வகுப்பில் இறக்கிவிட்டு நான் பட்டணம் போக வேண்டும். வெளிக்கிடவே பிந்திவிட்டது. ஹெல்மெட்டை இடது கைப்பிடியில் கொழுவினேன். அது இருக்க வேண்டிய இடம் அதுதான் என்றே என் கைக்குத் தெரியும்.

மதகில் கொஞ்சம் வேகமாகவே ஏறிவிட்டேன். மோட்டார் சைக்கிள் துள்ளியது. ஹெல்மெட்டும் துள்ளி, கைப்பிடிக்கும் பெற்றோல் தாங்கிக்கும் நடுவே வந்து இறுகிக்கொண்டது. இடப்பக்கம் திருப்பப் பார்த்தேன், கைப்பிடி திரும்பவில்லை. கண்ணுக்கு முன்னால் றோட்டு இடதுபக்கம் போகிறது, நாங்கள் நேரே போகிறோம். பிறேக்கை அழுத்தியபோது சில்லுகள் நெல்லின் மேல் ஏறியிருந்தன. காய்ந்த நெல்லில் பிறேக் பிடித்தால் என்ன நடக்கும் என்று எங்களூரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

நான் வழுக்கிக்கொண்டே போய் ஓரத்தில் கிடந்தேன். முழங்கையில் தோல் உரிந்ததைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை. தங்கச்சி, நெல்லுக்குக் காவலாக அப்பா வைத்திருந்த கல்லொன்றில் தலை அடிபட்டுக் கிடந்தாள்.

அப்பா அங்கேதான் நின்றார். காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் கண்டார். ஓடி வந்தவர் தன் நெல்லிலேயே வழுக்கி விழுந்து, எழும்பி, மறுபடி ஓடி வந்தார். தங்கச்சியைத் தூக்கியபோது அவள் கண் திறந்து, “அண்ணா, என்ட புத்தகம்” என்றாள். 

முச்சக்கரவண்டி ஒன்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். புருவத்துக்கு மேலே தையல் போட்டார்கள். தலையில் அடி என்பதால் இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். விவரம் எழுத வந்த தாதி அப்பாவிடம் கேட்டார்.

“ஹெல்மெட் இருந்ததா?”

“இருந்த, மிஸ்.”

“பிள்ளைட தலையிலயா?”

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

“அப்ப மகன்ட தலையில?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். தாதி பேனையைக் காகிதத்தில் வைத்தபடி காத்திருந்தார். “கைப்பிடியில” என்று கடைசியில் அப்பா சொன்னார். வயதுபோன ஒருவரின் குரல் போல இருந்தது அது. தாதி அதை எழுதினாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

இரண்டு நாளும் அம்மா தங்கச்சியின் கட்டிலைப் பிடித்தபடியே இருந்தார். நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். நாலு வார்த்தை ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம், எல்லோருக்கும் தேத்தண்ணி தந்துவிட்டு அம்மா என்னிடம் சொன்னார்: “அந்தப் புத்தகத்த எடு, மனே. ஹெல்மெட் கேள்விய இன்னொருக்கா வாசி.”

வாசித்தேன். தலைக்கவசம் எப்போது அணிய வேண்டும்?

“அப்பாட மறுமொழி அதில இருக்கா, பார்.”

நாலு விடைகளையும் வாசித்தேன். பாலத்தடி என்று எதிலும் இருக்கவில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அன்று சிரித்ததை நினைத்தோ என்னவோ, அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“நான் அவனுக்கு அப்பிடிச் சொல்லிக் குடுக்கல்லயே” என்றார் அப்பா.

“வாயால சொல்லல்ல. நீங்க ஒவ்வொரு நாளும் கொழுவிக்கொண்டு போறத்த அவன் பின்னுக்கிருந்து பாத்தவன்.” அம்மா எழும்பி, ஆணியில் தொங்கிய மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். “இனித் திறப்பு என்னட்ட. எடுக்கிற ஆள் இந்த வாசல்ல வச்சு ஹெல்மெட்டப் போடணும். கிளிப்புப் பூட்டுற சத்தம் எனக்குக் கேக்கணும். வட்டைக்குப் போறதெண்டாலும் அதான்.”

“வட்டைக்குமா? ஊர் சிரிக்கும்கா.”

“சிரிக்கட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அப்பா எண்டைக்கு ஆரும் சொல்லாம, ஆரும் பாக்காம, தானாப் போடுறாரோ அண்டைக்குத்தான் உனக்கும் திறப்பு. அதுக்கு முதல் கேக்கப்படா.”

தண்டனை எனக்கு, ஆனால் அதை முடித்துவைக்க வேண்டியவர் அப்பா. ஆவணியில் எனக்குப் பரீட்சை. அதுவரை பாதி வகுப்புத்தான் என்று அன்றே விளங்கிவிட்டது.

அப்பா மூன்று கிழமை மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. பழைய சைக்கிளுக்குக் காற்றடித்து, அதிலேயே வட்டைக்குப் போய் வந்தார். வீம்பு என்றுதான் நினைத்தேன். ஆனால் முடக்கில் கிடந்த நெல்லை அள்ளியபோது, இரத்தம் பட்ட நெல்லை மட்டும் அவர் தனியாகக் கூட்டி ஒரு கூடையில் எடுத்தார். மூட்டையில் சேர்க்கவில்லை. அந்தக் கூடை எங்கே போனது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நாலாவது கிழமை ஒரு காலையில் வாசலில் வந்து நின்று, அம்மாவைப் பார்க்காமல் கையை நீட்டினார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அப்பா ஹெல்மெட்டைப் போட்டார். கிளிப் பூட்டத் தெரியவில்லை. பத்து வருடமாகத் தொடாத கிளிப் அல்லவா? தங்கச்சிதான் போய், நெற்றியில் தையல் தழும்போடு எக்கி நின்று பூட்டிவிட்டாள். டிக். அம்மா தலையாட்டினார்.

அன்று அப்பாவுக்குப் பின்னால் சைக்கிளில் நானும் வட்டைக்குப் போனேன். சந்தித் தேத்தண்ணிக் கடையடியில் அப்பாவின் மச்சான் ஒருவர் வாங்கில் இருந்தார். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு மாடு மேய்த்தவர்.

“என்ன மச்சான், யான வந்து தலையில மிதிச்சாலும் எண்டு போட்டிருக்கயா?”

“ஓம் மச்சான்.”

“மிதிச்சா ஹெல்மெட்தான் மிஞ்சும். உள்ளுக்க நீ இருக்க மாட்டாய்!”

கடை முழுக்கச் சிரித்தது. வழக்கமாக அப்பா இதற்கு மேலே ஒன்று போடுவார். அன்று போடவில்லை. காது ஹெல்மெட்டுக்குள் இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கலாம். ஆனால் பின்கழுத்து சிவந்ததை நான் கண்டேன். என்னால் அவருக்கு இது நடக்கிறது என்பதைத் தாங்க முடியவில்லை. ‘கழற்றுங்கப்பா, எனக்குத் திறப்பு வேணாம்’ என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அப்படியே சித்திரை போய் வைகாசி வந்தது. வீட்டு வாசலில் அப்பா ஒழுங்காகப் போட்டார். ஆனால் வாசல் அம்மாவின் கண் முன்னால் இருக்கிறது. தேத்தண்ணிக் கடையடியில் நான் இருந்தேன். யாரும் பார்க்காத இடத்தில் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. அதை யார் பார்ப்பது? அம்மாவின் கணக்கே பிழை என்று எனக்குள் கோபம் கூட வந்தது.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாலம் தாண்டி, மருதமரத்துக்குக் கிட்ட ஆள் இறக்க பஸ் நின்றது. யன்னலோரம் இருந்த நான் வெளியே பார்த்தேன். அப்பா மரத்தடியில் நின்றார்.

உரம் வாங்கப் பட்டணம் போய்விட்டு வருகிறார் போல, பின்னால் மூட்டை கட்டியிருந்தது. கால் தானாகவே நிறுத்தியிருக்க வேண்டும். எத்தனை வருடப் பழக்கம். ஒரு காலை நிலத்தில் ஊன்றி, ஒரு கையைத் தாடைக்குக் கீழே, கிளிப்பில் வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு பேர் தங்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அப்பாவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். பஸ் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. வெயில் சுட்டெரித்தது. அந்த வெயிலில் ஹெல்மெட்டுக்குள் தலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவின் கை அப்படியே இருந்தது.  பரீட்சை முடிவுக்குக் கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

பிறகு அவர் கையை எடுத்தார். சேர்ட் கையால் கழுத்து வியர்வையைத் துடைத்தார். காலைத் தூக்கி, ஹெல்மெட்டோடு, ஊர்ப் பக்கம் போனார். பஸ் புறப்பட்டபோது அவர் தூரத்தில் ஒரு கறுத்தப் புள்ளியாகத் தெரிந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போனேன். அப்பா கிணற்றடியில் இருந்தார்.

“அம்மா, இனி எனக்குத் திறப்பு தரலாம்.”

“ஏன்?”

“அப்பாவ மரத்தடியில கண்டன்.”

அம்மா அரிசி கழுவுவதை நிறுத்தினார். “என்ன செஞ்சாரு?”

“ஒண்டும் செய்யல்ல” என்றேன்.

அம்மாவுக்கு அது விளங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அப்பாவுக்கு இதை நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை. தன்னை யாரும் பார்க்கவில்லை என்றே அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை நான் பட்டணத்துக்கு ஓடியபோது பின்னால் அப்பா இருந்தார். இரண்டாவது ஹெல்மெட் ஒன்று வாங்கியிருந்தார். வாசலில் இரண்டு தரம் டிக் கேட்டது. முதல் தடவையாக என் முதுகுக்குப் பின்னால் அவர். தாங்கியில் டொக் டொக் இல்லை. மதகில் மெதுவாக ஏறினேன். மருதமரம் வந்தபோது என் கால் தன்பாட்டில் பிறேக்கைத் தேடியது. பின்னாலிருந்து என் ஹெல்மெட்டில் ஒரு தட்டு விழுந்தது.

“என்னத்துக்கு நிப்பாட்டுறாய்? ஓடு.”

இப்போது நான் பட்டணத்தில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் பாலம் கடந்து வருவேன். மருதமரத்தடியில் இன்றும் நாலைந்து பேர் நிற்கிறார்கள், கைப்பிடியில் கொழுவுகிறார்கள். அப்பாவைப் பார்த்து யாரும் திருந்தவில்லை. அந்த மச்சான் இன்னும் யானையைத்தான் கேட்கிறார். அப்பாவும் நெல்லை றோட்டில் காயவைப்பதை விடவில்லை. வேறு எங்கே காயவைப்பது என்கிறார். ஆனால் முடக்கில் போடுவதில்லை. நேரான துண்டாகப் பார்த்துப் பிடிக்கிறார். கல்லுக்குப் பதிலாகப் பச்சை மரக்கொப்புகளை வைக்கிறார்.

போன அறுவடைக்கு வந்தபோது அவரை அங்கே கண்டேன். மோட்டார் சைக்கிள் ஓரத்தில் நின்றது. அவர் நெல்லின் மேல் நடந்து காலால் துழாவிக்கொண்டிருந்தார், தலையில் ஹெல்மெட்டோடு. நான் நிறுத்தினேன்.

“அப்பா, நடக்கிறதுக்குமா போட்டிருக்கீங்க?”

கையால் தலையைத் தடவிப் பார்த்தார். கழற்ற மறந்துபோயிருக்கிறார்.

“கிடக்கட்டும் மனே. வெயிலுக்கு நல்லம்.”

அப்போது முடக்கில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தங்கச்சி வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்தாள். ஹெல்மெட்டுக்குக் கீழே அந்தத் தழும்பு தெரியவில்லை. முடக்கில் வேகத்தைக் குறைத்து, நெல்லை விலத்தி வந்தவள், எங்களைக் கண்டதும் கையை எடுக்காமல் நீளமாக ஒரு ஹோர்ன் அடித்தாள்.